நான்கு ஜிபிக்குள் குடித்தனம்

(நூலக வாசகர் கூட்டம் ஒன்றில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



"லேப்டாப்பில் மெமரி போதவில்லை" என்று யாராவது என்னிடம் சொன்னால், அடுத்த வாக்கியம் பெரும்பாலும் இப்படித்தான் வரும்: "அண்ணன் கல்யாண வீடியோ எல்லாவற்றையும் அழித்துவிட்டேன், அப்படியும் வேகம் வரவில்லை." எப்படி வரும்? கல்யாண வீடியோ இருந்தது வன்தட்டில். மின்சாரம் நின்றாலும் வைத்தது வைத்தபடி இருக்கிற இடம் அது. நாம் இன்று பேசப்போவது ரேம் என்கிற நினைவகத்தைப் பற்றி. இந்த நிமிடம் திறந்திருக்கிற வேலைகள் மட்டுமே அங்கே இருக்கும். கணினியை அணைத்தால் அத்தனையும் போய்விடும். அந்த வீடியோவை அழித்திருக்கவே வேண்டியதில்லை, பாவம்.

புதிதாக வாங்க முடிகிறவர்களுக்கு இந்தப் பேச்சு தேவையில்லை, அவர்கள் காப்பி குடித்துவிட்டு வரலாம். நான் நினைத்துக்கொண்டு பேசுவது மற்றவர்களை. தமிழக அரசு 2011 செப்டம்பர் 15 அன்று விலையில்லா மடிக்கணினித் திட்டத்தைத் தொடங்கியபோது, முதலில் வந்த கணினிகளில் இருந்தது 2 ஜிபி நினைவகம். விண்டோஸோடு, சி-டாக் நிறுவனத்தின் சென்னை மையம் உருவாக்கிய பாஸ் லினக்ஸ் இயங்குதளமும் அதில் இருந்தது. பிந்தைய ஆண்டுகளில் 4 ஜிபி ஆனது. அந்தக் கணினியில் படித்து வேலைக்குப் போன அக்காவிடமிருந்து தம்பிக்கு வந்து, தம்பியிடமிருந்து அப்பாவின் கடைக் கணக்குக்குப் போன மடிக்கணினிகளை இன்னமும் பார்க்கிறேன். அவற்றை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்பதுதான் கேள்வி.

"புதிதாக ஒரு ரேம் வாங்கிப் போட்டால் முடிந்தது" என்பீர்கள். முன்பு அது சரியான பதில். இப்போது இரண்டு சிக்கல்கள். ஒன்று, 2008இல் ஆப்பிளின் மேக்புக் ஏர் வந்ததிலிருந்து நினைவகத்தைத் தாய்ப்பலகையிலேயே பற்றவைத்துவிடும் வழக்கம் பரவிவிட்டது. மெலிதாகச் செய்கிறோம் என்பார்கள். மெலிந்தது கணினி மட்டுமல்ல, பின்னால் கூட்டிக்கொள்ளும் நம் உரிமையும்தான். இன்னொன்று விலை. உலகத்தின் டிராம் எனப்படும் நினைவகச் சில்லுகளில் பெரும்பங்கைச் செய்பவை சாம்சங், எஸ்கே ஹைனிக்ஸ், மைக்ரான் என்ற மூன்றே நிறுவனங்கள். செயற்கை நுண்ணறிவுக்கான தரவு மையங்கள் சில்லுகளை அள்ளிக்கொண்டு போக, 2025 கடைசியில் நினைவக விலை கிடுகிடுவென ஏறியது. அந்த டிசம்பரில் மைக்ரான், சாதாரண வாடிக்கையாளருக்கு விற்றுவந்த குரூஷியல் வியாபாரத்தையே மூடப்போவதாக அறிவித்துவிட்டது. எனவே இருப்பதை வைத்துச் சமாளிக்கும் கலை, வசதியில்லாதவர்களுக்கு மட்டும் உரியது என்று இனிமேல் சொல்ல முடியாது.

இருப்பதை வைத்துச் சமாளிக்க வேண்டுமானால், அது என்ன பொருள் என்று முதலில் தெரிய வேண்டும்.

இன்று நம் கணினிகளில் இருக்கும் நினைவகத்தின் அடிப்படையை உருவாக்கியவர் ஐபிஎம் நிறுவனத்தின் ராபர்ட் டென்னார்ட். 1968இல் காப்புரிமை கிடைத்தது. ஒரு பிட்டை வைக்க ஒரு டிரான்சிஸ்டர், ஒரு மின்தேக்கி, அவ்வளவுதான். மின்தேக்கியில் மின்னூட்டம் இருந்தால் ஒன்று, இல்லாவிட்டால் பூஜ்யம். இத்தனை எளிமை என்பதால்தான் மலிவாக, நெருக்கமாக அடுக்க முடிந்தது. ஆனால் அந்த மின்தேக்கி ஒழுகும். விட்டுவிட்டால் சற்று நேரத்தில் ஒன்று பூஜ்யமாகிவிடும். ஆகவே ஒவ்வொரு பிட்டையும் படித்துத் திரும்ப எழுதிக்கொண்டே இருக்க வேண்டும். டிடிஆர்3, டிடிஆர்4 எனப்படும் நினைவக வகைகளில் இது 64 மில்லி விநாடிக்கு ஒரு முறை. 4 ஜிபி என்றால் 3,400 கோடிக்கும் மேற்பட்ட பிட்டுகள். நீங்கள் எதையும் தொடாமல் திரையைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதுகூட, அத்தனை பிட்டும் விநாடிக்குப் பதினைந்து தடவை புதுப்பிக்கப்பட்டுக்கொண்டே இருக்கிறது. அணைக்காமல் மூடி வைத்த மடிக்கணினியில் இரவோடு இரவாக பேட்டரி இறங்குவதற்கு இதுவும் ஒரு காரணம்.

இதை ஏன் இவ்வளவு விரிவாகச் சொல்கிறேன்? நினைவகம் காலியாக இருந்தாலும் நிறைந்திருந்தாலும் அது தின்னும் மின்சாரம் ஏறக்குறைய ஒன்றுதான். காலியாக வைத்திருப்பதால் பைசா மிச்சமில்லை. பணப்பெட்டியில் மிச்சம் வைப்பது வேறு, இங்கே மிச்சம் வைப்பது வேறு. இதை உணர்ந்துதான் இயங்குதளங்கள் காலி இடத்தைச் சும்மா விடுவதில்லை. நீங்கள் ஒரு முறை திறந்து மூடிய கோப்பை, மறுபடி கேட்டால் உடனே தரலாம் என்று அங்கேயே வைத்திருக்கும். வேறு வேலைக்கு இடம் வேண்டுமென்றால் அந்தக் கணமே விட்டுக்கொடுக்கும். லினக்ஸில் ஃப்ரீ என்ற கட்டளையை அடித்துப் பார்த்துவிட்டு, "ஃப்ரீ என்ற பத்தியில் 200 எம்பிதான் காட்டுகிறது, கணினி செத்தது" என்று பதறுகிறவர்கள் உண்டு. பார்க்க வேண்டியது அதற்குத் தள்ளி, கடைசியில் இருக்கும் அவைலபிள் என்ற பத்தி. விண்டோஸிலும் அதே பெயரில் ஓர் எண் உண்டு. டாஸ்க் மேனேஜரில் மெமரி பக்கத்தைத் திறந்தால் தெரியும்.

இந்த இடத்தில் ஒரு வியாபாரத்தைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். ரேம் பூஸ்டர், ரேம் கிளீனர் என்று நாலைந்து பெயர்களில் இலவசமாகக் கிடைக்கும் மென்பொருள்கள். ஒரு பொத்தானை அழுத்தினால் பச்சை வட்டம் சுழன்று, "1.2 ஜிபி விடுவிக்கப்பட்டது" என்று காட்டும். உண்மையில் அது செய்வது, ஓடிக்கொண்டிருக்கும் மென்பொருள்கள் நினைவகத்தில் வைத்திருப்பவற்றை வலுக்கட்டாயமாக வெளியே தள்ளுவது. அடுத்த நிமிடம் நீங்கள் அதே மென்பொருளைத் தொட்டால் தள்ளியதையெல்லாம் திரும்பக் கொண்டுவர வேண்டும். எண் அழகாகிறது, வேலை தாமதமாகிறது. போதாததற்கு, அந்த பூஸ்டரும் நாள் முழுக்க நினைவகத்தில் உட்கார்ந்திருக்கிறது! இதைவிடத் துணிச்சலான வியாபாரத்தை நான் பார்த்ததில்லை. வைத்திருப்பவர்கள் வீட்டுக்குப் போனதும் நீக்கிவிடுங்கள்.

சரி, நிறைந்திருப்பது தவறில்லை என்றால் கணினி ஏன் திணறுகிறது? இதற்கான பதில் ஏறக்குறைய அறுபது ஆண்டுகளுக்கு முன்பே எழுதப்பட்டுவிட்டது.

1962 டிசம்பரில் இங்கிலாந்தின் மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் அட்லஸ் என்ற கணினி இயங்கத் தொடங்கியது. டாம் கில்பர்ன் தலைமையில் கட்டியது. அதன் வேகமான நினைவகத்தில் 16,384 சொற்களுக்குத்தான் இடம். ஒரு சொல்லுக்கு 48 பிட். கணக்குப் போட்டால் 96 கிலோபைட் வருகிறது. காலை வணக்கம் சொல்லி உங்களுக்கு வாட்ஸ்அப்பில் வரும் ரோஜாப்பூப் படம் அதைவிடப் பெரிதாக இருக்கலாம். கூடவே, சுழலும் காந்த உருளை ஒன்றில் 98,304 சொற்களுக்கு இடம் இருந்தது. அதற்கு முன்பெல்லாம் எந்தப் பகுதி எப்போது உருளையிலிருந்து நினைவகத்துக்கு வர வேண்டும், எது வெளியேற வேண்டும் என்பதை நிரல் எழுதுகிறவரே திட்டமிட வேண்டும். பாதி உழைப்பு அதிலேயே போய்விடும். கில்பர்னும் சகாக்களும் அந்தத் தலைவலியைக் கணினியிடமே ஒப்படைத்தார்கள். நினைவகத்தை 512 சொற்கள் கொண்ட 32 பக்கங்களாகப் பிரித்தார்கள். நிரலுக்கு எல்லாம் ஒரே பெரிய நினைவகமாகத் தெரியும். கேட்ட பக்கம் உள்ளே இல்லையென்றால் இயந்திரம் சற்று நின்று, உருளையிலிருந்து அதைக் கொண்டுவந்து, பிறகு தொடரும். உங்கள் மடிக்கணினி இன்றும் இதைத்தான் செய்கிறது. பக்கம் 4,096 பைட் ஆகியிருக்கிறது, உருளையின் இடத்தில் சுழலும் ஹார்ட் டிஸ்க்கோ, சில்லுகளாலான எஸ்எஸ்டியோ வந்திருக்கிறது. 4 ஜிபி என்பது 10,48,576 பக்கங்கள்.

இந்த ஏற்பாட்டில் ஒளிந்திருக்கும் ஆபத்து வேகத்தில் இருக்கிறது. நினைவகத்திலிருந்து ஒன்றை எடுக்க ஏறத்தாழ 100 நானோ விநாடி. நல்ல எஸ்எஸ்டியிலிருந்து எடுக்க 100 மைக்ரோ விநாடி அளவில். சுழலும் ஹார்ட் டிஸ்க்கென்றால் 10 மில்லி விநாடி. இப்படிச் சொன்னால் எல்லாமே கண்ணிமைக்கும் நேரம்தானே என்று தோன்றும். ஆகவே நூறு நானோ விநாடியை ஒரு விநாடியாக நீட்டிப் பார்ப்போம். எண்ணெய் காய்ந்துவிட்டது, தாளிக்கக் கடுகு வேண்டும். கைக்கெட்டும் அஞ்சறைப் பெட்டியில் இருந்தால் ஒரு விநாடி. அது ரேம். அங்கே இல்லை, எஸ்எஸ்டியில் இருக்கிறது என்றால் சுமார் 17 நிமிடம். அடுப்பை அணைத்துவிட்டுத் தெருமுனைக் கடைக்குப் போய் வர வேண்டும். ஹார்ட் டிஸ்க்கில் இருக்கிறது என்றால் 28 மணி நேரம். குழம்பு நாளை மாலைக்குத்தான். பழைய மடிக்கணினியில் ஒரு சன்னலிலிருந்து இன்னொன்றுக்குத் தாவும்போது கடகடவென்று ஓர் ஒலி கேட்கிறதே, அது கடுகுக்குப் போன ஆள் திரும்பி வருகிற ஓசை.

இடம் இல்லாதபோது எந்தப் பக்கத்தை வெளியேற்றுவது? 1966இல் ஐபிஎம்மில் இருந்த ஹங்கேரியர் லாஸ்லோ பெலாடி, மிகச் சிறந்த விடையைச் சொன்னார்: இனி வெகுகாலத்துக்குத் தேவைப்படாத பக்கத்தை வெளியேற்று. அருமையான விடை, நடைமுறைக்கு ஆகாது. நாளை எந்தப் பக்கம் தேவைப்படும் என்பதைக் கணினி எப்படி அறியும்? எனவே நேற்றைய பழக்கத்தைப் பார்த்து நாளையை ஊகிக்கிறார்கள். வெகு நேரமாகத் தொடாத பக்கம் இனியும் தொடப்படாது என்று நம்பி அதை அனுப்புகிறார்கள். பெரும்பாலும் சரியாகவே வருகிறது. இதே பெலாடி இன்னொரு வேடிக்கையையும் சகாக்களுடன் கண்டுபிடித்தார். 'முதலில் வந்தது முதலில் போகட்டும்' என்ற விதியைப் பின்பற்றினால், சில சமயம் நினைவகத்தைக் கூட்டும்போது பக்கத் தவறுகள், அதாவது கேட்ட பக்கம் உள்ளே இல்லாமல் போகும் தடவைகள், குறைவதற்குப் பதில் கூடிவிடும்! கணினி மாணவர்கள் இதைப் பரீட்சைக்குப் படித்திருப்பீர்கள்.

கணினி ஏன் திணறுகிறது என்ற நம் கேள்விக்கு வேண்டிய மனிதர் பீட்டர் டென்னிங். அந்நாளில் அமெரிக்காவின் எம்ஐடியில் ஆய்வு மாணவர். அறுபதுகளில் ஒரு பெரிய கணினியைப் பலர் ஒரே நேரத்தில் பகிர்ந்துகொள்ளும் முறை வந்தபோது, யாருக்கும் புரியாத ஒரு விபத்து அடிக்கடி நடந்தது. ஆட்கள் ஒவ்வொருவராகச் சேரச் சேரக் கணினி சீராக ஓடும். எங்கோ ஓர் எல்லையில், இன்னும் ஒரே ஒரு வேலை சேர்ந்ததும், மொத்தமும் படுத்துவிடும். கொஞ்சம் மெதுவாவது இல்லை, அடியோடு படுத்துவிடும். டென்னிங் 1968இல் இதற்கு விளக்கம் கொடுத்தார். எந்த நிரலும் தன் பக்கங்கள் எல்லாவற்றையும் எப்போதும் தொடுவதில்லை. ஒரு குறிப்பிட்ட நேரத்தில் ஒரு சிறு தொகுதியைத்தான் திரும்பத் திரும்பத் தொடும். அதைச் செயல் தொகுதி என்று வைத்துக்கொள்வோம். ஓடும் நிரல்களின் செயல் தொகுதிகள் எல்லாம் சேர்ந்து நினைவகத்துக்குள் அடங்கும்வரை பிரச்சினை இல்லை. அடங்காத கணத்தில், ஒன்றுக்கு இடம் கொடுக்க இன்னொன்றின் உயிரான பக்கம் வெளியேறுகிறது. அது தன் முறை வந்ததும் அதைத் திரும்பக் கேட்கிறது, அதற்காக மற்றொன்றுடையது வெளியேறுகிறது. கணினியின் முழு நேரமும் பக்கங்களை ஏற்றி இறக்குவதிலேயே போய்விடுகிறது. அன்றைய இயங்குதளங்கள் செய்த காரியம் இன்னும் மோசம். கணினியின் மையச் செயலகம் (சிபியு) வேலையின்றிக் காத்திருப்பதைப் பார்த்து, "ஓ, சும்மா இருக்கிறதே" என்று புதிதாக ஒரு வேலையை உள்ளே விடும். டென்னிங்கின் தீர்வு எளியது: செயல் தொகுதிக்கு முழு இடம் கிடைக்காத வேலையை ஓடவே விடாதே, கொஞ்ச நேரம் நிறுத்தி வை.

நான் இன்று சொல்ல வந்தது முழுவதும் இதற்குள் இருக்கிறது. "எத்தனை ஜிபி காலி?" என்பது தவறான கேள்வி. "இந்த அரைமணி நேரத்தில் உண்மையாகத் தொடப்போவது எவற்றை? அவை எல்லாம் சேர்ந்து உள்ளே அடங்குமா?" என்பது சரியான கேள்வி. 4 ஜிபி கணினியில் முப்பது டேப் திறந்து வைத்துவிட்டு அவற்றில் இரண்டை மட்டும் மாறி மாறிப் பார்த்தால் ஒன்றும் குடிமுழுகாது. மற்ற இருபத்தெட்டும் மெல்ல வெளியே போய்த் தூங்கும். ஆறே டேப்தான், ஆனால் அதில் ஒன்று வீடியோ சந்திப்பு, ஒன்று பெரிய விரிதாள், பக்கத்தில் தானாகவே வைரஸ் தேடல், பின்னணியில் இயங்குதளப் புதுப்பிப்பு என்றால் எல்லாமே விழித்திருந்து கேட்பவை. படுத்துவிடும்.

எது எவ்வளவு இடம் பிடிக்கும் என்பதில் நம் ஊகங்கள் பெரும்பாலும் தப்பாகவே இருக்கின்றன. கைப்பேசியில் எடுத்த 12 மெகாபிக்சல் படம் வன்தட்டில் 4 எம்பி. அதைத் திறந்தால்? திரையில் காட்ட ஒவ்வொரு புள்ளிக்கும் 4 பைட் வேண்டும். 4,000 பெருக்கல் 3,000 புள்ளி என்றால் 48 எம்பி. சுருக்கி வைத்தது விரிகிறது. படத்தைத் திருத்தும் மென்பொருளில் நான்கு அடுக்கு போட்டால் அதைப் போல நான்கு மடங்கு. எழுத்து அப்படியில்லை. யூனிகோடு யுடிஎஃப்-8 முறையில் தமிழின் ஒரு குறியீட்டுக்கு 3 பைட், 'கொ' என்று எழுத 6 பைட். ஆங்கிலத்தைவிடப் பல மடங்கு என்று இதைப் பற்றி ஒரு காலத்தில் பெரிய விவாதமே நடந்தது. ஆனால் பொன்னியின் செல்வன் ஐந்து பாகங்களையும் எழுத்தாக அடித்து வைத்தாலும், அந்த ஒரு படம் திறந்து கிடக்கும் இடத்துக்குள் அடங்கிவிடும், மிச்சமும் இருக்கும். தமிழால் நினைவகம் நிரம்பியதில்லை.

நிரப்புவது உலாவி. அதைத் திட்டுவதற்கு முன் அதன் பக்க நியாயத்தையும் கேட்க வேண்டும். 2008இல் குரோம் வந்தபோது ஒவ்வொரு டேப்பையும் ஏறக்குறையத் தனித்தனி நிரலாக ஓட்டியது. ஒன்று விழுந்தாலும் மற்றவை பிழைக்கட்டும் என்பது நோக்கம். 2018 ஜனவரியில் ஸ்பெக்டர் என்ற குறைபாடு வெளியே வந்தது. செயலகத்தின் உள் வேலைமுறையைப் பயன்படுத்தி, ஒரு தளம் இன்னொரு தளத்தின் தரவைத் திருட்டுத்தனமாகப் படிக்க வழி இருந்தது. உங்கள் வங்கிப் பக்கமும் ஏதோ ஒரு விளம்பரமும் ஒரே நினைவகப் பரப்பில் இருந்தால் என்ன ஆகும் என்று எண்ணிப் பாருங்கள். அதே ஆண்டு குரோம், ஒவ்வொரு தளத்தையும் கறாராகப் பிரித்து வைக்கத் தொடங்கியது. அதற்கு நினைவகம் 10 முதல் 13 சதவீதம் கூடுதலாகப் பிடிக்கும் என்று கூகுளே ஒப்புக்கொண்டது. அந்தப் பங்கு நம் காவலுக்குக் கொடுக்கும் விலை, அதை நான் குறை சொல்லமாட்டேன். குறை சொல்வது வேறொன்றை. அரட்டைக்கு ஒன்று, குறிப்பெடுக்க ஒன்று, பாட்டுக்கு ஒன்று என்று நாம் நிறுவும் தனி மென்பொருள்களில் பல, எலக்ட்ரான் என்ற சட்டகத்தில் செய்தவை. ஒவ்வொன்றும் தன் வயிற்றுக்குள் முழு உலாவி ஒன்றைச் சுமந்துகொண்டு வருகிறது. மூன்றைத் திறந்தால் மூன்று உலாவி. குறைந்த நினைவகம் உள்ள கணினியில் இவற்றைத் தனியாக நிறுவாமல், ஏற்கெனவே திறந்திருக்கும் உலாவியின் டேப்பிலேயே பயன்படுத்துவது நல்லது.

கணினி கேட்காமலே எடுத்துக்கொள்ளும் பங்கும் உண்டு. தனி கிராஃபிக்ஸ் அட்டை இல்லாத மடிக்கணினிகளில், திரைக்கான நினைவகமும் அதே ரேமிலிருந்துதான் போகிறது. "4 ஜிபி என்று சொல்லி விற்றான், 3.8தான் காட்டுகிறது" என்று கடைக்காரரோடு சண்டைக்குப் போக வேண்டாம். 32 பிட் விண்டோஸ் போட்டிருந்தால் மட்டும் கொஞ்சம் கவலைப்படலாம். 32 பிட்டால் எட்டக்கூடிய முகவரிகள் 429 கோடிச் சொச்சம், அதாவது சரியாக 4 ஜிபி. அதற்குள் மற்ற உறுப்புகளின் முகவரிகளும் அடங்க வேண்டும் என்பதால் உண்மையில் கிடைப்பது 3 ஜிபிக்குக் கொஞ்சம் மேல்.

இனி செய்யக்கூடியவை. விண்டோஸில் கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் வரும். மெமரி என்ற தலைப்பைத் தட்டினால் அதிகம் பிடிப்பது மேலே வந்து நிற்கும். ஸ்டார்ட்அப் என்ற பகுதியில், கணினி எழும்போதே தானாக எழுந்துகொள்பவை பட்டியலாக இருக்கும். அச்சுப்பொறி நிறுவனத்தின் உதவியாளர், விளையாட்டு அங்காடி, நீங்கள் ஒருபோதும் திறக்காத சந்திப்பு மென்பொருள் ஆகியவற்றை அங்கே அணைத்துவிடலாம். வைரஸ் காவலை மட்டும் தொடாதீர்கள். இரண்டு வைரஸ் காவல் வைத்திருந்தால் ஒன்றை நீக்குங்கள். உலாவியில் நீட்சிகளைப் பாருங்கள். எப்போதோ ஒரு வீடியோவை இறக்கப் போட்ட நீட்சி இன்னமும் ஒவ்வொரு பக்கத்திலும் நுழைந்து உட்கார்ந்திருக்கும். குரோமில் மெமரி சேவர் என்ற வசதி இருக்கிறது. வெகு நேரம் பார்க்காத டேப்பைத் தூங்க வைத்துவிட்டு, தட்டினால் திரும்ப ஏற்றும். டென்னிங் சொன்ன நிறுத்தி வைக்கும் யோசனைதான் இது, ஐம்பது ஆண்டு கழித்து உலாவிக்குள் வந்திருக்கிறது. பாதி நிரப்பிய படிவம் உள்ள டேப் தூங்கி எழுந்தால் நிரப்பியது போய்விடக்கூடும். தேர்வு விண்ணப்பம் நிரப்புகிறவர்கள் அந்தத் தளத்தை விதிவிலக்காகச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

"பேஜ்ஃபைலை அணைத்துவிட்டால் வேகம் கூடும்" என்ற ஆலோசனையை யார் சொன்னாலும் கேட்காதீர்கள். விண்டோஸில் பேஜ்ஃபைல், லினக்ஸில் ஸ்வாப் என்பது அட்லஸின் உருளை. அதை அணைத்தால் தூங்கும் பக்கங்களுக்குப் போக இடமில்லாமல், அவையும் ரேமிலேயே கிடக்கும். இடம் தீர்ந்ததும் விண்டோஸில் மென்பொருள்கள் விழத் தொடங்கும். லினக்ஸ் தானே ஒன்றைத் தேர்ந்தெடுத்துக் கொன்றுவிடும். பெரும்பாலும் அது அதிக இடம் பிடித்திருப்பதாக இருக்கும், அதாவது நீங்கள் ஆழ்ந்து வேலை செய்துகொண்டிருக்கிற ஒன்றாக.

பக்கங்களை வட்டுக்கு அனுப்பாமல் ரேமுக்குள்ளேயே சுருக்கி வைக்கும் உத்திதான், என் கணிப்பில், பழைய கணினிகளுக்குக் கிடைத்த பெரிய உதவி. ஆப்பிள் 2013இல் மேவரிக்ஸ் பதிப்பிலும், மைக்ரோசாஃப்ட் 2015இல் விண்டோஸ் 10இலும் இதைக் கொண்டுவந்தன. லினக்ஸில் இசட்ரேம் என்ற பெயரில் 2014இல் முறையாகச் சேர்ந்தது. 4,096 பைட்டைச் சுருக்கி விரிக்க ஆகும் நேரம், எஸ்எஸ்டிக்குப் போய்வரும் நேரத்தைவிடக்கூடக் குறைவு. பல பக்கங்கள் பாதிக்கும் கீழே சுருங்கிவிடும். விண்டோஸில் இது தானாக நடக்கிறது. லினக்ஸ் வைத்திருப்பவர்கள் இசட்ரேம் இயங்குகிறதா என்று பார்த்து, இல்லையென்றால் இயக்கிக்கொள்ளுங்கள். 2 ஜிபி கணினியில் எக்ஸ்எஃப்சிஇ அல்லது எல்எக்ஸ்கியூடி போன்ற இலகுவான முகப்போடு இதையும் சேர்த்தால், ஓய்வுபெற்றுவிட்டது என்று நினைத்த இயந்திரம் எழுந்து உட்காரும். விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டதால், பழைய கணினிக்காரர்கள் எப்படியும் லினக்ஸ் பக்கம் ஒரு முறை எட்டிப் பார்க்க வேண்டிய காலம் இது.

கையில் கொஞ்சம் பணம் இருந்து, ரேமா எஸ்எஸ்டியா என்று கேட்டால்? ஹார்ட் டிஸ்க் சுழலும் 4 ஜிபி கணினிக்கு முதலில் எஸ்எஸ்டி என்பேன். 28 மணி நேரம் 17 நிமிடமாகிறது அல்லவா! ரேம் வாங்குவதானால் பின்பலகையைத் திறந்து பார்த்துவிட்டுப் போங்கள். காலி இடுக்கு இருக்கிறதா, அல்லது பற்றவைத்ததா? டிடிஆர்3, டிடிஆர்4, டிடிஆர்5 ஒன்றின் இடத்தில் மற்றொன்று பொருந்தாது, வெட்டுக்குறியே வேறு இடத்தில் இருக்கும். டிடிஆர்3இலும் 1.5 வோல்ட் வகையும் 1.35 வோல்ட் வகையும் உண்டு. 1.35 மட்டுமே ஏற்கும் கணினியில் மற்றதைச் செருகினால் கணினி எழும்பாது. பழையதைக் கையோடு எடுத்துப்போய்க் காட்டி வாங்குவது உத்தமம்.

மாணவர்களுக்காக ஒன்று சொல்லிவிடுகிறேன். 1969 ஜூலை 20. நிலவில் இறங்கிக்கொண்டிருந்த கலத்தின் கணினியில் அழித்து எழுதக்கூடிய நினைவகம் 2,048 சொற்கள், நம் கணக்கில் ஏறக்குறைய 4 கிலோபைட். இறங்குகிற நேரத்தில் 1202 என்ற எச்சரிக்கை எண் திரையில் வந்தது. அப்போது தேவைப்படாத ரேடார் ஒன்று ஓயாமல் குறிப்பலைகளை அனுப்பிக் கணினியின் நேரத்தைத் தின்றுகொண்டிருந்தது. வேலைகள் குறித்த நேரத்தில் முடியாமல் குவிந்தன. புதிய வேலைக்கு ஒதுக்கச் சிறு நினைவகத் துண்டுகூட மிச்சமில்லை. அதற்குத்தான் அந்த எண். எம்ஐடியில் அந்த மென்பொருளை எழுதியவர்கள் இப்படி ஒரு நாள் வரும் என்று முன்பே யோசித்து வைத்திருந்தார்கள். கணினி எல்லாவற்றையும் கீழே போட்டுவிட்டு மறுபடி தொடங்கியது, ஆனால் கலத்தை வழிநடத்துவது, எஞ்சினைக் கட்டுப்படுத்துவது ஆகிய முக்கிய வேலைகளை மட்டும் விட்ட இடத்திலிருந்து எடுத்துக்கொண்டது. அவசரமில்லாத வேலைகளைக் கைவிட்டது. சில நிமிட இடைவெளிக்குள் இது பலமுறை நடந்தது. ஆம்ஸ்ட்ராங்கும் ஆல்ட்ரினும் பத்திரமாக இறங்கினார்கள். உங்களில் யாராவது நாளை மென்பொருள் எழுதப் போனால், "பயனர் எட்டு ஜிபி வாங்கிக்கொள்ளட்டுமே" என்று சொல்லும் மேலாளரிடம் இந்தக் கதையைச் சொல்லிப் பாருங்கள். கேட்பார் என்று நான் உத்தரவாதம் தரவில்லை.

மணி ஆகிவிட்டது, தலைவர் கடிகாரத்தைப் பார்க்கிறார். மடிக்கணினி கொண்டுவந்திருப்பவர்கள் இப்போதே டாஸ்க் மேனேஜரைத் திறந்து, மெமரி பத்தியில் மேலே நிற்கும் முதல் ஐந்து பெயர்களை ஒரு தாளில் எழுதி முன்வரிசைக்கு அனுப்புங்கள். எதை நீக்கலாம், எதைத் தொடக்கூடாது என்று ஒவ்வொன்றாகப் பார்த்துச் சொல்கிறேன்.